தண்ணீர் கொடுத்த தெரு

எங்கள் தெருவுக்கு வால்வுத் தெரு என்று பெயர். நகராட்சிக்காரர் வந்து திறந்துவிடுகிற தண்ணீர் வால்வு தெருமுனையில் இருப்பதால் வந்த பெயரே தவிர, அதனால் எங்களுக்கு ஒரு குடம் கூடுதலாகக் கிடைத்தது கிடையாது. அருப்புக்கோட்டையில் வாரத்துக்கு ஒருதடவை குழாயில் தண்ணீர் வந்தால் அந்த வாரம் நல்ல வாரம். தண்ணீரின் அருமை தெரிந்ததாலேயே எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்கு வந்தவர் யாரானாலும், சண்டைக்கு வந்தவரே ஆனாலும், முதலில் ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்போம். அந்த வழக்கம்தான் எங்களைக் கெடுத்தது.

ஆடிக் காற்று கண்ணில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், எதிர்வீட்டுப் பாக்கியத்தாய் மதினி வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையவில்லை. அவ்வளவு காற்றிலும் தலையில் ஒரு மயிர் அசையவில்லை. கையில் மூட்டுவலித் தைலம். முந்தின நாள்தான் மதினி தன் தங்கச்சியிடம் போனில் “முழங்கால் உயிரை எடுக்குதுடி” என்று சொல்லியிருந்தாள்.

“தங்கள் முழங்காலுக்காகவே வந்திருக்கிறேன்” என்றார் அவர், டிவியில் பேசுகிற தமிழில்.

மதினி “வாங்க” என்று சொல்லிச் செம்பை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை, செம்பைப் பிடித்தபடியே நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் போகவே இல்லை.

எங்கிருந்து வந்தார்கள் என்று நாங்கள் ரொம்ப யோசிக்கவில்லை. அதுவரை போனுக்குள் விளம்பரமாக இருந்தார்கள். மீன்குழம்பு வைப்பது எப்படி என்று பார்த்தால் புளி கரைக்கிற இடத்தில் வந்து நிற்பார்கள், சாமி பாட்டுக் கேட்டால் அம்மனுக்கு முன்னால் வந்து நிற்பார்கள், துக்கம் விசாரிக்கப் போனை எடுத்தால் அதற்கும் முன்னால் வந்து நிற்பார்கள். உள்ளே இடம் போதாமல் வெளியே வந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டோம். அலுத்துப் போனவர்களுக்கு ஆச்சரியப்படத் தெம்பு இருக்காது.

ஆவணி பிறப்பதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டார். கடைசி வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு மூலத்துக்கு மருந்தோடு ஒருவர், மூன்றாவது வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு முகம் வெளுக்கிற பசையோடு ஒருவர், டீக்கடை அய்யனாருக்கு வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் எண்ணெயோடு ஒருவர். எனக்குத் தையல் மிஷினோடு ஒருவர் வந்தார். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை, போனில் தேடினதுமில்லை. கிழிந்த பாவாடையைப் பார்த்து, ஒரு மிஷின் இருந்தால் தேவலை என்று மனதில் நினைத்தேன், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

பருப்பு மில்லில் எடை போடுகிற என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் போன் கம்பெனியைக் கூப்பிட்டார். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, கோபத்துக்கு இரண்டை அழுத்தி, மூன்று பாட்டு முழுதாகக் கேட்ட பிறகு ஒரு பெண்பிள்ளை பேசியது.

“தண்ணீர் கொடுத்தீர்களா சார்?”

“கொடுத்தோம். வந்தவங்களுக்குக் குடுக்கிறதுதானம்மா.”

“அப்படியென்றால் உங்கள் சம்மதத்தின் பேரில்தான் உள்ளே வந்திருக்கிறார் சார். தண்ணீர் வாங்காதவர் நிலைப்படி தாண்ட மாட்டார். வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?”

மறுநாள் காலையில் ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு ஒருவர் அவரைத் தேடி வந்தார்.

பக்கத்துத் தெருக்காரர்களுக்கு எங்கள் அளவுக்கு உபசாரம் பத்தாது. அவர்களுடைய ஆட்களெல்லாம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள், எங்களுடையவர்கள் நடுவீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். மனு கொடுக்கலாம் என்று நகராட்சிக்குப் போனோம். அங்கே அதிகாரிக்குப் பக்கத்தில் நின்ற ஆள் எங்கள் மனுவை அவர் கை நீட்டுவதற்கு முன்னாலேயே வாங்கிப் படித்தார். ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டையா பின்னால் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு, “சும்மா இங்கிட்டு வந்தோம் சார்” என்று திரும்பிவிட்டோம்.

எதற்கும் பழகிப்போகிற சாதி நாங்கள். சிலிண்டர் வருகிற நாளில் வீட்டில் ஆள் இல்லையென்றால், “வந்தா வாங்கி வைங்க” என்று அவர்களிடமே சொல்லிவிட்டுப் போனோம். துணி காயப்போடக் கொடி கட்ட ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னோம். நடுவீட்டில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கினோம். பல்செட் வாங்க ஆசைப்பட்ட இருளப்பன் மாமா இறந்துபோனபோது, பல்செட்டுக்காரர் சுடுகாடு வரைக்கும் வந்தார், கொள்ளி வைத்த பிறகும் அந்தப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவருக்கும் சேர்த்துத்தான் இலை போட்டார்கள். அவர் சாப்பிடவில்லை.

ஆனால் வாசல்தான் சங்கடம். யார் வாசலில் யார் வந்து நிற்கிறார், நடுவீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தாலே அந்த வீட்டுக் குடலும் ஈரலும் தெரிந்துபோகும். யாருக்குக் கல்யாணம் தட்டிப்போகிறது, யார் நகையை அடகு வைத்திருக்கிறார்கள், யார் எதற்கு ராத்திரி முழித்திருக்கிறார்கள், எல்லாம் வெட்ட வெளிச்சம். ஆகவே யாரும் சொல்லாமலே தெருவில் ஒரு மரியாதை உண்டாயிற்று. அடுத்தவர் வாசலைத் தாண்டும்போது தன் காலைப் பார்த்து நடக்க வேண்டும். கூட்டமாகப் போனாலும் எல்லாரும் குனிந்துகொண்டே போவோம். வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள், இந்தத் தெருவில் எல்லாருக்கும் செருப்பு அறுந்துபோச்சா என்று கேட்டார்கள்.

தண்ணீர் கொடுப்பதையும் நிறுத்தினோம், அப்புறம் வந்தவர்கள் வாசலோடு நின்றார்கள். இதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் கூசுகிறது. கூரியர் கொண்டுவந்த பையன் நாக்கு வறண்டு நிற்கிறான், நிஜமான ஆளா அந்த ஆளா என்று அவன் சட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டு நான் நிற்கிறேன். அவன் சட்டையில் வியர்வை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் செம்பை எடுத்தேன். எங்களிடமிருந்து எதை எதையோ எடுத்துக்கொண்டார்கள், அதெல்லாம் போகட்டும், இதை எடுத்துக்கொண்டதுதான் எனக்கு ஆறவில்லை.

அவர்களைப் பற்றி ஒன்றைக் கண்டுபிடித்தது டீக்கடை அய்யனார். நக்கல் பிடித்த மனுஷன். ஒருநாள் போனை வாய்க்கு நேராக வைத்து, “எனக்கு ஒரு ஹெலிகாப்டர் வேணும்ப்பா” என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் ஹெலிகாப்டர் படத்தோடு ஒருவர் வந்துவிட்டார். ஆனால் மத்தியானத்துக்குள் அவர் கொட்டாவி விட்டு, வந்த வழியே போய்விட்டார். முடி எண்ணெய்க்காரர் மட்டும் அசையவில்லை. சும்மா வாயால் சொன்னதற்கு வருகிறவர் நிற்க மாட்டார், மனதில் கிடப்பதற்கு வருகிறவர்தான் நிற்பார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டோம். தெரிந்து என்ன செய்ய? மனதில் கிடப்பதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இப்படி இருக்கும்போதுதான், ஐப்பசி மழை பெய்வேனா என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், எங்கள் பக்கத்து வீட்டுக் கனகவேணியின் வாசலில் சாவிக்கொத்தோடு ஒருவர் வந்து நின்றார்.

கனகவேணிக்கு முப்பது வயது இருக்கும். புருஷன் சௌந்தரபாண்டி மினி லாரி ஓட்டுகிறவன், கேரளாவுக்கு லோடு அடிப்பான். வெளியில் எல்லாருக்கும் நல்லவன், அண்ணே மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். போன வருஷம் அவளுக்குக் கை ஒடிந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னாள். எங்கள் தெருவில் மாடி வீடே கிடையாது. இரண்டு தடவை தாய்வீட்டுக்குப் போனாள், இரண்டு தடவையும் அவள் அண்ணன் சமாதானம் பேசிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவை லோடு இறக்கிவிட்டு வந்ததும் சௌந்தரபாண்டி முதலில் அவள் போனை வாங்கிப் பார்ப்பான், அப்புறம்தான் முகம் கழுவுவான்.

அவளும் போனில் தேடியதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் இருந்திருக்கிறாள். அழித்தால் அவன் கண்ணுக்குத்தான் தெரியாது. கம்பெனியிடம் அழியுமா?

“தனியாக வசிக்கும் பெண்களுக்கேற்ற ஒற்றை அறை வீடு” என்று சாவிக்காரர் தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். “வெளியூர். பாதுகாப்பான பகுதி. உடனே குடியேறலாம்.” கனகவேணி அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், மேலே வெந்நீரைக் கூட ஊற்றிப் பார்த்தாள். அவர் சிரித்த முகத்தோடு நின்றார். நாங்கள் எல்லாரும் எங்கள் காலைப் பார்த்துக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் போனோம்.

நான் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவள் பின்வாசல் வழியாக வந்தாள். உட்காரவில்லை.

“அக்கா, அவரு சாயங்காலம் வந்துருவாரு. பாலக்காடு தாண்டிட்டேன்னு போன் பண்ணிட்டாரு. இந்த ஆளைப் பாத்தா என்னை உசுரோட விடமாட்டாருக்கா.”

அவள் அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டிவிட்டாள் என்பது முகத்திலேயே இருந்தது. கல்லையும் பருப்பையும் ஒன்றாகவே முறத்தில் போட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு பாக்கியத்தாய் மதினி வீட்டுக்குப் போனேன்.

மதினி எல்லாவற்றையும் கேட்டாள். தைலக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து அவரும் கேட்டார். மதினி எழுந்து தன் போனை எடுத்து, கோழியைக் கூப்பிடுகிற மாதிரி வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

“எனக்குத் தனியா இருக்க ஒரு வீடு வேணும்! கேட்டுச்சா? எனக்குந்தான் வேணும்!”

பிறகு என்னைப் பார்த்து, “ஒரு வாசல்ல நின்னா அது அவ கதை. எல்லா வாசல்லயும் நின்னா அது கம்பெனி கிறுக்குத்தனம். போத்தா, வீடு வீடாப் போய்ச் சொல்லு” என்றாள்.

போனேன். எந்த வீட்டிலும் விளக்கம் கேட்கவில்லை. காலைப் பார்த்து நடந்தவர்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. வாத்தியார் சம்சாரம், “எனக்குத் தனித்து வசிக்க ஓர் இல்லம் தேவை” என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். வைகாசியில் கல்யாணமாகி வந்த பெண் சொல்லிவிட்டுச் சிரித்தது, சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நான் என் அடுப்படிக்கு வந்து, உலை கொதிக்கிற சத்தத்தில், போனைக் கையில் வைத்து மெதுவாகச் சொன்னேன். வாயிலிருந்து அது வந்த வேகத்தில் எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. உலையில் அரிசியைப் போட்டுவிட்டேன்.

பகல் சாப்பாட்டுக்குள் வால்வுத் தெருவின் அத்தனை வாசலிலும் சாவிக்கொத்தோடு ஆள் நின்றார். எல்லாரும் ஒரே குரலில், “தனியாக வசிக்கும் பெண்களுக்கேற்ற ஒற்றை அறை வீடு” என்றார்கள், கோயிலில் போற்றி சொல்வதுபோல. மத்தியானம் தாண்டி ஒருசிலர் கொட்டாவி விட ஆரம்பித்ததும் அந்த வீட்டுப் பெண்கள் மறுபடி ஒருமுறை சொன்னார்கள், ஆள் மறுபடி வந்தார். நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் வாசலில் நின்றவர் போகவே இல்லை. அதை அன்றைக்குக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சாயங்காலம் சௌந்தரபாண்டி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். தன் வாசலில் நின்றவரைப் பார்த்து அவன் முகம் மாறியது. அப்புறம் அடுத்த வாசலைப் பார்த்தான், அதற்கடுத்த வாசலைப் பார்த்தான்.

“என்ன பெரியம்மா இது, அம்புட்டு வீட்லயும் வீட்டு புரோக்கர்?”

மதினி முழங்காலை நீவிக்கொண்டே, “கம்பெனிக்காரனுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குய்யா. காலையில இருந்து இதே பாட்டுத்தான். காது ஓட்டையாகிப் போச்சு” என்றாள்.

சௌந்தரபாண்டி தெருவை ஒரு முறை முழுக்கப் பார்த்தான். “தெருவுல இருக்கிற அத்தனை பொம்பளைக்கும் தனி வீடாம்ல!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மில்லிலிருந்து வந்த என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். ஒரு பெண்ணுக்கு வீடு வேண்டும் என்றால் நம்பியிருப்பார்கள், எல்லாருக்கும் வேண்டும் என்றால் எந்த ஆண்பிள்ளை நம்புவான்? நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் அவன் கோட்டயத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். சாவிக்காரர் காட்டிய வீட்டுக்குக் கனகவேணி போகவில்லை. கம்பெனிக்குத் தெரிந்த வீடு நாளைக்கு யாருக்கு வேண்டுமானாலும் தெரியும். மதினி அவளைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய், தனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிற ஊரை அவள் காதில் சொன்னாள். என் காதிலும் சொன்னாள். வேறெங்கும் சொல்லவில்லை. கனகவேணி தன் போனை அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடினாள், மஞ்சள் பையை எடுத்தாள், காய் வாங்கப் போகிறவளாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். போன் வீட்டில் இருந்ததால் அவளும் வீட்டில்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சாவிக்காரர் பூட்டிய வாசலுக்கு வீடு விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் எங்கள் காலைப் பார்த்தோம்.

சௌந்தரபாண்டி வந்து குதித்தான். எல்லா வீட்டு வாசலிலும் நின்று கேட்டான், அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டான், மண்ணை வாரித் தூற்றினான். மனதில் கிடப்பதற்கெல்லாம் ஆள் வருவார் என்பதால், தொலைந்தவர்களைத் தேடித் தருகிற யாராவது அவன் வாசலுக்கு வந்துவிடுவாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் அவன் வாசலுக்கு ஆள் வரத்தான் செய்தார். கையில் பெண்களின் போட்டோக்கள் வைத்திருந்தார். “மறுமணத்துக்கு ஏற்ற வரன்கள்” என்றார். தேடித் தருகிறேன் என்று ஒருவரும் வரவில்லை. மதினி அதைப் பார்த்துவிட்டுத் தூவென்று துப்பினாள்.

மற்ற வாசல்களில் நின்ற சாவிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கொட்டாவி விட்டுப் போனார்கள். மதினி வாசலில் நின்றவர் கார்த்திகை வரைக்கும் நின்றார். கல்யாணமாகி வந்த பெண்ணின் வாசலில் நின்றவர் போவதும் வருவதுமாக இருந்தார். யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. என் வாசலில் நின்றவர் தை வந்த பிறகும் நின்றார். மாசியிலும் நின்றார்.

“இந்தாளு இன்னுமா போகலை?” என்று என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார். “கம்பெனிக் கிறுக்கு” என்று நான் சொல்வேன். அவர் சரி என்று போய்விடுவார். அவர் நல்லவர். கை ஓங்கினதில்லை, குடித்ததில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், உனக்கு என்ன வேணும் என்று ஒரு தடவை கேட்டதுமில்லை. கேட்காமலே எல்லாம் நடக்கிற வீட்டில் நான் அடுப்பைப்போல ஒரு மூலையில் எரிந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒரு சின்ன அறை வேண்டும். அதில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான். இதை நான் எனக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை. என் மனதில் இருப்பதைத் தெரிந்துகொண்டு வந்து நின்ற ஒரே ஆள் இந்த ஆள், அதுவும் அதை என்னிடமிருந்து களவாண்டுகொண்டு வந்த ஆள். இதை நினைத்தால் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

பங்குனி வெயிலில் ஒருநாள் காலை, வீட்டுக்காரர் மில்லுக்குப் போன பிறகு, ஒரு செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்கு வந்தேன். இத்தனை மாதத்தில் முதல் முறையாகச் சாவிக்காரர் கையை நீட்டினார். சாவிகள் குலுங்கின.

“தங்களுக்காகவே காத்திருந்தேன்” என்றார்.

நான் அண்ணாந்து அந்தத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். வெறுஞ்செம்பை நிலைப்படியில் கவிழ்த்து வைத்தேன். உள்ளே போய்ப் போனை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். இரண்டு சேலையைப் பையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டி இறங்கினேன்.

“சிலிண்டர் வந்தா வாங்கி வைங்க” என்று சொன்னேன்.

எதிர்வீட்டில் மதினி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் தாண்டும்போது தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வியர்த்து வழிய ஒவ்வொரு சீட்டாக வந்தார். என் முன்னால் வந்து நின்று, “எங்கம்மா போகணும்?” என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. தெரியாததால் கேட்டார். ஒருவர் என்னிடம் ஒன்றை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வது எவ்வளவு காலத்துக்குப் பிறகு என்று நினைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் குனிந்தார். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மதினி என் காதில் சொன்ன ஊர்ப் பெயரைச் சொன்னேன்.